வீடு நம்முடையது, அடிமனை யாருடையது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம். மேடையில் சொன்ன சில கிளைக்கதைகள் அச்சில் விடப்பட்டுள்ளன.)



கணினி பற்றி ஒரு சொற்பொழிவு என்று அழைப்பிதழில் பார்த்ததும், செயற்கை நுண்ணறிவைப் பற்றித்தான் பேச்சு இருக்கும் என்று பலர் நினைத்து வந்திருப்பீர்கள். அதற்கும் சற்று இடம் வரும். ஆனால் இன்றைய பொருள் அதைவிடப் பழையது, வெளியே அதிகம் தெரியாதது. உலகம் நம்பி ஓடுகிற மென்பொருள்களின் மூலநிரல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் அது.

கைப்பேசி, வங்கிச் சர்வர், ரயில் முன்பதிவு என்று எதைத் திறந்து பார்த்தாலும் அடியில் எங்கோ கட்டற்ற மென்பொருள் இருக்கும். அதை எழுதுவோர் ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தவும், பிழையைச் சொல்லவும், முடிந்ததைப் பயனருக்குக் கொடுக்கவும் அவர்களுக்கு ஒரு பொது இடம் தேவை. 1999க்குப் பிறகு அந்த இடத்தைப் பெரும்பாலும் நிறுவனங்களே காசு வாங்காமல் கொடுத்து வருகின்றன. இன்று அதில் மிகப் பெரியது கிட்ஹப். 2018 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்குவதாக அறிவித்தபோது, அங்கே 2 கோடியே 80 லட்சம் நிரலாளர்களும் 8 கோடியே 50 லட்சம் நிரல் களஞ்சியங்களும் இருப்பதாகச் சொன்னார்கள்.

கோயில் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களைக் கும்பகோணத்திலும் மயிலாப்பூரிலும் பார்க்கலாம். சுவர் அவர்களுடையது, கூரை அவர்களுடையது. அடிமனை மட்டும் கோயிலுக்கு. மென்பொருள் உலகத்தின் குடியிருப்பும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. இதில் ஆபத்து எங்கே என்று கேட்டால், கம்பெனி மூடிவிட்டால் நிரல் போய்விடுமே என்றுதான் பலரும் சொல்வார்கள். நிரல் அவ்வளவு எளிதில் போவதில்லை. போவது வேறு: முகவரி, பெயர், அங்கே நடந்த பேச்சு, உள்ளே யாரை விடுவது என்ற அதிகாரம். நிரலைக் காப்பதற்கு உரிமங்கள் இருக்கின்றன. இந்த நான்கையும் காக்க எந்த உரிமமும் இல்லை. இந்தக் கருத்தைச் சில நிகழ்ச்சிகளை வைத்து விளக்குவதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

1. நிரல் ஏன் தொலைவதில்லை

2002 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை எழுதுவோர் பிட்கீப்பர் என்ற கருவியைப் பயன்படுத்தி வந்தார்கள். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று கணக்கு வைக்கும் கருவி. பிட்மூவர் என்ற நிறுவனத்தின் சொத்து. கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்கு நிறுவனம் அதை இலவசமாகக் கொடுத்தது. கூடவே, இதற்குப் போட்டியான கருவியை எழுதும் வேலையில் இறங்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அது பெரிய உறுத்தலாகப் படவில்லை. சகாக்களில் பலருக்கு முதல் நாளிலிருந்தே உறுத்தல்தான்.

சாம்பா மென்பொருளை எழுதிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர் சர்வரோடு பேசக்கூடிய சிறிய கருவி ஒன்றைத் தானாக எழுதப் போனார். இதைக் காரணமாக்கி 2005 ஏப்ரலில் நிறுவனம் இலவசப் பதிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஏதோ பெரிய திருட்டு நடந்ததுபோல் பேச்சு அடிபட்டது. அதே மாதம் கான்பெராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் டிரிட்ஜெல் தான் செய்ததை மேடையிலேயே செய்து காட்டினார். டெல்நெட் மூலம் சர்வரைத் தொட்டார்; 'ஹெல்ப்' என்று தட்டினார்; சர்வர் தனக்குத் தெரிந்த கட்டளைகளை எல்லாம் வரிசையாகக் கொட்டிவிட்டது. திருட்டு அவ்வளவுதான்.

கருவி கையை விட்டுப் போன சில நாள்களுக்குள் டோர்வால்ட்ஸ் 'கிட்' என்ற மாற்றை எழுதத் தொடங்கினார். 2005 ஏப்ரல் 7ஆம் தேதி கிட் தன் சொந்த நிரலையே சுமக்கத் தொடங்கிவிட்டது. அதே மாதத்தில் லினக்ஸ் கருநிரலும் அதற்குள் வந்தது. கிட்டின் அமைப்பில் பிட்கீப்பர் அனுபவத்தின் தழும்பு தெரியும். களஞ்சியத்தைப் பிரதி எடுக்கும் ஒவ்வொருவர் கணினியிலும் தொடக்க நாளிலிருந்து நடந்த மாற்றங்களின் முழு வரலாறும் சேர்ந்தே இறங்குகிறது. ஒரு சர்வர் எரிந்துபோனாலும், பிரதி எடுத்த மாணவரின் மடிக்கணினியிலிருந்து மொத்தத்தையும் மீட்டுவிடலாம்.

அப்படியானால் கவலை எதற்கு? கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31ஆம் தேதி இரவு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

கிட்ஹப்புக்குப் போட்டியான கிட்லேப் தளத்தில் அன்று தரவுத்தளம் திணறிக்கொண்டிருந்தது. நெடுநேரம் போராடிய பொறியாளர் ஒருவர், இரண்டாம் சர்வரில் இருந்த தரவுக் கோப்புறையை அழிப்பதாக நினைத்து, முதன்மைச் சர்வரில் இருந்ததை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் தெரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. காப்புநகலை எடுக்கப் போனால் அங்கே வேறு கதை. தரவுத்தளத்தின் பதிப்பு ஒன்று, நகலெடுக்கும் கருவியின் பதிப்பு வேறு ஒன்று. அதனால் நகலெடுப்பு ஓசையில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அமேசான் கிடங்கில் வைத்திருந்ததாக நம்பிய இடம் காலி. வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு, வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது.

இதை மறைக்காமல் ஊரறியச் சொன்னதும், மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியதும் அந்த நிறுவனத்தின் பெருந்தன்மை. நமக்கு வேண்டியது அவர்கள் பிறகு வெளியிட்ட இழப்புக் கணக்கு. கிட் களஞ்சியங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை வேறு இடத்தில் இருந்தன. ஆறு மணி நேரத்தில் பதிவான ஏறத்தாழ 5,000 கருத்துகள், 5,000 திட்டங்களின் பதிவுகள், 700 புதிய பயனர் கணக்குகள் போயின. நிரல் பிழைத்தது, அந்த நிரல் ஏன் அப்படி எழுதப்பட்டது என்று மனிதர்கள் பேசிக்கொண்டது போயிற்று.

பிழை அறிக்கைகள், 'இந்தத் திருத்தத்தை ஏற்க முடியாது, காரணம் இது' என்ற பதில்கள், பயனரின் புலம்பல்கள் எல்லாமே கிட்டுக்கு வெளியே, நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருப்பவை. பிரதி எடுப்பவர் கணினியில் அவை இறங்குவதில்லை. ஐந்தாறு வருடம் ஓடிய ஒரு திட்டத்தில் நிரலைவிட இந்தப் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று பராமரிப்பாளர்கள் சொல்வதுண்டு. நிரலைத் திரும்ப எழுதிவிடலாம்; அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்ற விளக்கத்தைத் திரும்ப எழுத ஆள் இருக்க மாட்டார்.

2. முகவரி

கூகுள் 2006இல் 'கூகுள் கோட்' என்ற இலவச இடத்தைத் திறந்தது. கூகுளே கொடுக்கிறது என்றால் அது எங்கே போய்விடப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2015 மார்ச் 12 அன்று மூடுவிழா அறிவிப்பு வந்தது. இப்போது இதைவிட நல்ல இடங்கள் வந்துவிட்டன, எங்களுக்கு மிஞ்சுவது குப்பைத் திட்டங்களை அகற்றும் வேலைதான் என்றார்கள். கூகுள் தன் சொந்தத் திட்டங்களில் ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையை அதற்குள் கிட்ஹப்புக்கு மாற்றியிருந்தது. ஆகஸ்டில் எழுதும் வசதி நின்றது. 2016 ஜனவரியில் கதவு சாத்தப்பட்டது.

நியாயமாகச் சொன்னால் இது ஒழுங்கான மூடல். மாதக் கணக்கில் அவகாசம் கொடுத்தார்கள். மாற்றிக்கொள்ளக் கருவி கொடுத்தார்கள். பழையதை ஆவணமாகவும் வைத்தார்கள். அப்படியும் உடைந்தது என்ன என்பதற்குக் கூகுளின் பிள்ளையான 'கோ' நிரல்மொழியே சாட்சி. கோ மொழியில் இன்னொருவரின் நிரலைப் பயன்படுத்த வேண்டுமென்றால், அது இருக்கும் இணைய முகவரியையே நிரலின் தலைப்பகுதியில் எழுத வேண்டும். முகவரிதான் அந்த நூலகத்தின் பெயர். மொழியின் துணை நூலகங்கள் பலவும் கூகுள் கோட் முகவரியில் இருந்தன. 2014 இறுதியில் அவற்றை மொழியின் சொந்த முகவரிக்கு மாற்றினார்கள். உலகெங்கும் அந்த வரியை எழுதி வைத்திருந்த ஒவ்வொரு நிரலிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைத் திருத்த வேண்டியிருந்தது. பராமரிப்பவர் இல்லாத நிரல்களில் பழைய முகவரி அப்படியே நின்றது. இன்று கோ மொழியில் எழுதிய எந்த நிரலையும் திறந்து பாருங்கள். தலைப்பகுதியில் வரிக்கு வரி 'கிட்ஹப்.காம்' என்று இருக்கும். வாடகை இடத்தின் முகவரியைப் பெயராகவே வைத்துக்கொள்ளும் பழக்கம் மாறவில்லை.

மற்ற மூடல்களை விரைவாகக் கடக்கலாம். மைக்ரோசாஃப்டின் கோட்பிளெக்ஸ் 2006இல் பிறந்து 2017 டிசம்பரில் முடிந்தது. கிடோரியஸ் என்ற தளத்தைக் கிட்லேப் 2015 மார்ச்சில் வாங்கி, ஜூன் தொடக்கத்தில் மூடியது. கிடோரியஸை இயக்கிய மென்பொருள் கட்டற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். மென்பொருள் கட்டற்றதாக இருந்தால் மட்டும் போதாது, சர்வருக்கு யார் பணம் கட்டுகிறார் என்பதும் கேள்வி. அங்கே இருந்தவற்றை ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் அவசர அவசரமாக அள்ளி வைத்தது.

பிட்பக்கெட் கதைதான் இவற்றில் வேதனையானது. மெர்க்கூரியல் என்ற கருவியைப் பயன்படுத்துவோருக்கென்றே 2008இல் தொடங்கிய இடம் அது. அட்லாசியன் நிறுவனம் 2010இல் வாங்கியது. அடுத்த வருடம் கிட்டும் உள்ளே வந்தது. 2019 ஆகஸ்டில், புதிதாக வருவோரில் 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களே மெர்க்கூரியலைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கணக்குச் சொல்லி, மெர்க்கூரியல் களஞ்சியங்களை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். யாருக்காகக் கட்டப்பட்ட இடமோ அவர்களுக்கே வெளியேறும் நோட்டீஸ். 2020இல் நீக்கிவிட்டார்கள். பொதுப் பார்வையில் இருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட களஞ்சியங்களைப் பிரான்சின் சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் அமைப்பும் ஆக்டோபஸ் என்ற சிறிய நிறுவனமும் சேர்ந்து முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்ததால் அவை தப்பின.

இது நிரலாளரின் கவலை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் யாகூ குழுமங்களை நினைத்துப் பார்க்கலாம். அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று இணையத் தமிழின் முதல் தலைமுறை இலக்கியம் பேசியதும் சண்டை போட்டதும் அங்கேதான். 2019 அக்டோபரில் அறிவித்து, சில மாதங்களில் யாகூ அந்த உள்ளடக்கத்தை எல்லாம் துடைத்துவிட்டது.

3. பெயர்

மூடிய இடங்களாவது செத்துப்போனவை. மூடாமல், குணம் மாறிய இடத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சோர்ஸ்ஃபோர்ஜ் 1999 நவம்பரில் தொடங்கியது. நடத்தியது லினக்ஸ் கணினிகள் விற்ற விஏ லினக்ஸ் நிறுவனம். அதே வருடம் டிசம்பர் 9ஆம் தேதி நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 30 டாலருக்கு வெளியிட்ட பங்கு அன்று மாலை 239 டாலர் 25 சென்டில் நின்றது. ஒரே நாளில் 698 சதவீத ஏற்றம். அப்படிப்பட்ட காலத்தில் உலகத்துக்கு ஒரு இலவச நிரல் கிடங்கு நடத்துவது செலவாகவே தெரியாது. 2001க்குள் அந்தக் குமிழி உடைந்தது. நிறுவனம் கணினி விற்பதையே நிறுத்தியது. சோர்ஸ்ஃபோர்ஜை இயக்கும் மென்பொருள் அதுவரை கட்டற்ற உரிமத்தில் வெளிவந்துகொண்டிருந்தது. அதையும் மூடி, பெரிய கம்பெனிகளுக்கு விற்கும் சரக்காக மாற்றினார்கள். அப்போதே ஆபத்தை மோப்பம் பிடித்தவர் பிரான்சின் லோயிக் டஷாரி. கடைசியாகக் கட்டற்று வெளிவந்த பதிப்பை எடுத்துக்கொண்டு கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் குனு திட்டத்துக்காகச் 'சவானா' என்ற தனி இடத்தை அமைத்தார். பெரும்பாலானவர்கள் அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சோர்ஸ்ஃபோர்ஜ் வழக்கம்போல் நடந்துகொண்டுதானே இருந்தது.

2012 செப்டம்பரில் டைஸ் ஹோல்டிங்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தள நிறுவனம், சோர்ஸ்ஃபோர்ஜையும் அதன் கூட்டுத் தளங்களையும் 2 கோடி டாலருக்கு வாங்கியது. 2013இல் 'டெவ்ஷேர்' திட்டம் வந்தது. பயனர் தரவிறக்கும் நிறுவிக்குள் மூன்றாம் தரப்பு மென்பொருள்களைச் சொருகிவிடுவது. வரும் பணத்தில் நிரலாளருக்குப் பங்கு தருவது. சம்மதித்தால்தான் என்றார்கள். ஃபைல்ஸில்லா போன்ற சில திட்டங்கள் சம்மதித்தன.

ஜிம்ப் என்ற பட மென்பொருளின் குழு சம்மதிக்கவில்லை. தரவிறக்கும் பக்கத்தில், 'தரவிறக்கு' என்ற பொத்தானைப் போலவே வேடம் போட்ட விளம்பரங்கள் மினுக்கிக்கொண்டிருந்தன. பயனர்கள் அவற்றை அழுத்தி எதையாவது இறக்கிக்கொண்டு ஜிம்பைத் திட்டினார்கள். 2013 நவம்பரில் விண்டோஸ் நிறுவியைத் தங்கள் சர்வருக்கே மாற்றிக்கொண்டு ஜிம்ப் குழு வெளியேறியது.

வெளியேறியதோடு கதை முடிந்திருக்க வேண்டும். 2015 மே மாதம் என்ன நடந்ததென்றால், சோர்ஸ்ஃபோர்ஜில் இருந்த பழைய 'ஜிம்ப் ஃபார் விண்டோஸ்' பக்கத்தின் சாவி, அதை வருடக் கணக்காகப் பராமரித்தவர் கையில் இல்லாமல் போயிற்று. கைவிடப்பட்ட திட்டம் என்று சொல்லித் தளமே அந்தப் பக்கத்தைத் தன் கணக்குக்கு மாற்றியிருந்தது. அங்கே கிடைத்தது ஜிம்ப்தான். ஆனால் விளம்பர மென்பொருளைக் கூட்டி மடித்த ஜிம்ப். தேடுபொறியில் பழைய பழக்கத்தில் வந்து நின்ற பயனருக்கு இது தெரிய வழியில்லை. பெயர் அதேதான், சின்னம் அதேதான், பக்கமும் வருடக் கணக்காகப் பார்த்த அதே பக்கம். சில நாள்களில் வலையமைப்புச் சோதனைக் கருவியான என்மேப்பை எழுதியவரும் தன் பழைய பக்கம் இதே போல் கைமாறியிருப்பதாக அறிவித்தார்.

இதில் சட்டமீறல் ஏதும் இருந்ததா? ஜிம்பின் உரிமம், யாரும் அதைப் பிரதி எடுத்து, எதனோடும் சேர்த்து விநியோகிக்க அனுமதிக்கிறது. நிரலைப் பொறுத்தவரை சோர்ஸ்ஃபோர்ஜ் செய்தது உரிமத்துக்கு உட்பட்டதாகவே இருக்கலாம். பறிபோனது நிரல் இல்லையே. பல வருடங்களாக அந்தப் பக்கத்தின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கையை, அதைச் சம்பாதிக்காத ஒருவர் செலவழித்தார். கண்டனம் பெருகியதும் சோர்ஸ்ஃபோர்ஜ் பின்வாங்கியது. 2016 ஜனவரியில் தளம் மீண்டும் விற்கப்பட்டது. புதிய உரிமையாளர்கள் அடுத்த மாதமே டெவ்ஷேரை நிறுத்தினார்கள். அதற்கான பாராட்டு அவர்களுக்கு உண்டு. ஆனால் ஒரு கைமாற்றத்தில் கெட்டது இன்னொரு கைமாற்றத்தில் சரியாயிற்று என்றால், குடியிருந்தவர்களுக்கு அந்த இரண்டிலும் வாக்கு இருக்கவில்லை என்றுதான் பொருள்.

4. உள்ளே யார் வரலாம்

நிறுவனம் நல்லதாகவே இருந்தாலும், அது ஏதோ ஒரு நாட்டின் சட்டத்துக்குள்தான் இருக்கும். கிட்ஹப் அமெரிக்க நிறுவனம். 2019 ஜூலையில் ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களில் இருந்த நிரலாளர்கள் தங்கள் தனிக் களஞ்சியங்களைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். அமெரிக்க அரசின் பொருளாதாரத் தடைதான் காரணம். பிரதி எடுத்துக்கொள்ளக்கூட முன்னறிவிப்பு இல்லை என்பதுதான் அவர்களின் முதல் புகார். கிட்ஹப் அமெரிக்கக் கருவூலத் துறையோடு பேசி, ஈரானியர்களுக்கு முழுச் சேவையையும் திறந்துவிடும் அனுமதியை 2021 ஜனவரியில் பெற்றது. ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்தப் பேச்சுவார்த்தையில் ஈரானிய நிரலாளர் எவருக்கும் நாற்காலி இல்லை.

2020 அக்டோபர் 23 அன்று அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் அனுப்பிய ஒரு நோட்டீஸால், யூடியூப்-டிஎல் என்ற தரவிறக்கக் கருவியின் களஞ்சியம் முடங்கியது. கருவியைச் சோதிக்கும் வரிகளில் சில பிரபலப் பாடல்களின் முகவரிகள் இருந்ததையும் நோட்டீஸ் சுட்டிக்காட்டியிருந்தது. நிரலோ விரைவிலேயே பல இடங்களில் முளைத்துவிட்டது. வருடக் கணக்காகச் சேர்ந்த பிழை அறிக்கைகளும் உரையாடல்களும்தான் எங்கும் முளைக்கவில்லை. அவை பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடந்தன. இணைய உரிமைகளுக்கான அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷனின் வழக்கறிஞர்கள் தலையிட்டு எழுதிய பிறகு, நவம்பர் 16 அன்று கிட்ஹப் அதைத் திரும்பத் திறந்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் நிரலாளருக்கு உதவ 10 லட்சம் டாலர் நிதியையும் அறிவித்தது. அங்கே நிறுவனம் குடியிருப்பவரின் பக்கம் நின்றது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அமெரிக்காவை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 2014 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ஆணைப்படி 32 தளங்கள் முடக்கப்பட்டன. பயங்கரவாத அமைப்பு ஒன்றின் பிரசாரம் இருந்ததாகக் காரணம் சொல்லப்பட்ட அந்தப் பட்டியலில் விமியோ, இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றோடு கிட்ஹப்பும் இருந்தது. யாரோ ஒருவர் எங்கோ ஏற்றிய சில பக்கங்களுக்காகச் சென்னை, பெங்களூர் நிரலாளர்கள் புத்தாண்டு அன்று வேலைக்கு உட்கார்ந்து திரையை வெறித்தார்கள். பிறகு தடை விலகியது. எல்லோரும் ஒரே இடத்தில் குடியிருந்தால், ஒருவர் மேல் விழும் தடை எல்லோர் மேலும் விழும்.

செயற்கை நுண்ணறிவுக்கு இடம் வரும் என்று சொன்னது இங்கேதான். கிட்ஹப் 2021 ஜூனில் 'கோபைலட்' என்ற கருவியை வெளியிட்டது. பொதுக் களஞ்சியங்களில் இருந்த நிரலைப் படித்துப் பழகி, புதிய நிரலை எழுதித் தரும் கருவி. அடுத்த வருடம் அதை மாதம் 10 டாலருக்கு விற்கத் தொடங்கியது. உரிம நிபந்தனைகள் மீறப்பட்டதாக 2022 நவம்பரில் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பொதுவில் வைத்த நிரலை வேறு யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து எடுத்துப் பழக்கலாம்தான். ஆனால் இலவசமாக இடம் கொடுத்தவர் கணக்கில் வரவு எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறது என்று அதுவரை யோசிக்காத பலர் அன்றைக்கு யோசித்தார்கள். சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு, கிட்ஹப்பை விட்டு வெளியேறும்படி 2022 ஜூனிலேயே நிரலாளர்களைக் கேட்டுக்கொண்டது.

5. சொந்த மனை

இதுவரை கேட்டவர்கள், அப்படியானால் எல்லோரும் சொந்தச் சர்வர் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லக்கூடும். அதற்கும் விலை உண்டு.

லினக்ஸ் கருநிரலின் சொந்த இடமான கெர்னல்.ஆர்க் சர்வர்களுக்குள் 2011 ஆகஸ்டில் அந்நியர்கள் புகுந்தது தெரியவந்தது. சர்வர்களை மூடிச் சுத்தம் செய்த வாரங்களில் டோர்வால்ட்ஸ் கருநிரலை எங்கே வைத்தார் தெரியுமா? கிட்ஹப்பில்தான். பிஎச்பி மொழியின் குழு, தன் சொந்தக் கிட் சர்வரில் 2021 மார்ச்சில் யாரோ இரண்டு விஷமத் திருத்தங்களைச் சொருகியதும், இனி இந்தச் சர்வரைக் காத்துக்கொண்டிருக்க முடியாது என்று கிட்ஹப்புக்கே குடிபோனது. பைத்தான் மொழியும் 2017இல் நிரலையும் 2022இல் பிழைப் பட்டியலையும் அங்கே மாற்றியது. சர்வர் காப்பது முழுநேர வேலை. இரவு பகல் பார்க்காத வேலை. அதற்குச் சம்பளம் தர ஆள் வேண்டும். இலவச இடத்துக்குப் போகிறவர்களைச் சோம்பேறிகள் என்பது நியாயமில்லை. தமிழிலும் ஓப்பன்-தமிழ், எழில் நிரல்மொழி போன்ற நல்ல முயற்சிகள் கிட்ஹப்பில்தான் இருக்கின்றன. அந்த அளவிலான குழுவைத் தனிச் சர்வர் வைக்கச் சொன்னால், நிரல் எழுதும் நேரமும் அதற்கே போய்விடும்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். எதை வாடகை இடத்தில் வைக்கலாம், எதைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும்? நிரலை எங்கும் வைக்கலாம். முகவரி மட்டும் திட்டத்தின் சொந்தமாக இருக்கட்டும். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஒரு இணையப் பெயரைப் பதிந்து, தரவிறக்கப் பக்கத்தையும் ஆவணத்தையும் அந்தப் பெயரில் வைத்துவிட்டால், கிடங்கு மாறினாலும் பயனர் வந்து நிற்கும் வாசல் மாறாது. பிழைப் பட்டியலையும் உரையாடலையும் இறக்கித் தரும் வசதி பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் உண்டு. மாதம் ஒருமுறை தானாக இறங்கும்படி செய்துவைப்பது மாணவர் ஒருவரின் ஒரு நாள் வேலை. மூன்றாவதாக, சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016இல் தொடங்கிய இந்த மூலநிரல் காப்பகம், யுனெஸ்கோவோடும் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. எந்தப் பொதுக் களஞ்சியத்தின் முகவரியைக் கொடுத்தாலும் வரலாற்றோடு பிரதி எடுத்து வைக்கிறார்கள். இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்கு எழுதப்பட்ட நிரல்களின் முகவரிகளை அங்கே கொடுக்கும் வேலையை இந்த வாரமே தொடங்கலாம். துறைத் தலைவர் முன்வரிசையில் இருப்பதால் இதைச் சற்று உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இலவச நிறுவன இடம், சொந்தச் சர்வர் என்ற இரண்டுக்கும் நடுவே கூட்டாக நடத்தும் இடங்களும் இருக்கின்றன. பெர்லினில் 2018இல் பதிவான கோட்பெர்க் சங்கம் உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் நடக்கிறது. உறுப்பினர்களுக்கு வாக்கு உண்டு. அது நம்பியிருந்த கிடியா என்ற மென்பொருள் 2022இல் ஒரு கம்பெனியின் கைக்குப் போனபோது, அதிலிருந்து கிளைத்த 'ஃபோர்ஜெயோ'வைத் தன் குடைக்குள் எடுத்து வளர்த்தது. ஸிக் நிரல்மொழிக் குழு 2025 நவம்பரில் கிட்ஹப்பை விட்டு அங்கே போயிருக்கிறது. லினக்ஸ் திரைச்சூழல் திட்டங்களான க்னோம் 2018இலும் கேடிஈ 2020இலும் கிட்லேப் மென்பொருளின் கட்டற்ற பதிப்பைத் தங்கள் சர்வர்களில் நிறுவிக்கொண்டன.

கூட்டாக நடத்தும் இடங்களும் மூடுகின்றன என்பதை மறைக்க வேண்டாம். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை உருவாக்கும் திட்டம் தன் நிரலாளர்களுக்காக நடத்திய அலியோத் என்ற இடம், பழைய மென்பொருளின் பாரம் தாங்காமல் 2018இல் மூடப்பட்டது. களஞ்சியங்கள் 'சல்சா' என்ற புதிய இடத்துக்குப் போயின. அலியோத் முகவரியில் இயங்கிய மின்னஞ்சல் குழுக்களுக்கு மட்டும் புதிய இடத்தில் வசதி இல்லை. அவற்றை நிறுத்திவிடுவதாகவே இருந்தது. மூடுவது பற்றிய பேச்சு டெபியனுக்குள் எல்லோரும் பார்க்க நடந்தது. குழுக்கள் போய்விட்டால் தொகுப்புகளைப் பராமரிப்போரின் தொடர்பு முகவரிகளே அறுந்துவிடும் என்று உறுப்பினர்கள் எடுத்துச் சொன்னார்கள். அவர்களில் சிலர் அந்தப் பொறுப்பைத் தாங்களே ஏற்றுக்கொண்டு தனியாக ஒரு சர்வரை அமைத்தார்கள். வைத்துக்கொள்ள விரும்பிய குழுக்கள் அங்கே போய், பழைய கடிதங்களோடு தொடர்ந்து இயங்கின.